நாலாவது பக்கத்தில் கேட்ட தும்மல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலு பேர். ஒன்று நான். இரண்டு, தாராவி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஸ்பீக்கர் பெட்டி கட்டும் என் சேக்காளி. அவன் பட்டறையில்தான் கூடியிருந்தோம். மூன்று, மாட்டுங்காவிலிருந்து வந்த பேங்க் மேடம். நான்கு, முலுண்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். டீ கொண்டுவந்தவர் கிளாஸை வைத்துவிட்டு உடனே போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அன்று மத்தியானமே ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதிவைத்தேன். விலை கூடின சாமானை நாலு பேர் கை மாற்றிப் பார்க்கும்போது யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றும். அப்படித் தோன்றாத நாள் எனக்குக் குறைவு.

சாமான் என்பது ஒரு புத்தகம். கூடவே இரண்டு பெரிய கறுப்பு ரிக்கார்டுகள். எங்கள் லேபர் கேம்ப்பில் கீபோர்டும் ரிதம் மெஷினும் வைத்து ஆரம்பித்து, இன்றைக்கு வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது, எல்லாம் மெஷின் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் நாலு பேரும் அடிமை. கச்சேரிகளில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் பழகிப்போவோம் இல்லையா, அப்படிச் சேர்ந்த கூட்டம். அந்த இரண்டு பேரும் தங்கள் தொழில் வாழ்க்கை முழுக்கச் சேர்த்துவைத்த டிக்கெட், நோட்டீஸ், போட்டோ, கையால் எழுதின துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டின மாதிரி ஒரு ஸ்கிராப்புக் போட்டிருந்தார்கள். ரிக்கார்டுகள் அதற்குத் துணை. விலை ஏழாயிரத்து இருநூறு. தனியாக வாங்க யாருக்கும் மனசு வரவில்லை, ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு போட்டு ஒன்று வாங்கினோம். என்னிடம் அப்போது பணம் இல்லை. என் பங்கைச் சேக்காளி போட்டான். புத்தகம் வந்துசேர்வதற்குள் அறுநூறு அறுநூறாக மூன்று தவணையில் கொடுத்து முடித்தேன். மூன்றாவது தவணைக்கு இரண்டு தடவை கேட்கவும் செய்தான்.

“கை தொடச்சுண்டு தொடுங்கோ,” என்றார் மேடம். டீ குடித்த கையோடு முலுண்ட்காரர் பக்கத்தைப் புரட்டப் போனதுதான் காரணம். மேடமே கைக்குட்டையால் மூலையைப் பிடித்துப் புரட்டினார். பதினைந்தாவது பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“இந்தப் போட்டோவப் பாருங்கோ. ரெண்டு பேர் நிக்கறா. இடது பக்கம் ஒரு முழங்கை இருக்கே, அது யாரோடது?”

எல்லாரும் குனிந்தோம். மேடம் சொன்னது சரி. கோடு போட்ட சட்டை போட்ட ஒரு முழங்கை. ஆளைக் காணோம்.

“ஆரம்பத்துல மூணு பேரா இருந்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டுல்லா,” என்றான் சேக்காளி. “மூணாவது ஆள வெட்டிட்டானுவ. முழங்கைய வெட்ட மறந்துட்டானுவ.”

“அரே சோடோ நா,” என்றார் முலுண்ட்காரர். விட்டுத்தள்ளுங்கள் என்பது அவருக்கு ஹிந்தியில்தான் வரும். தமிழ் பேசுவார், படிக்க வராது. “டிசைனுக்காகச் செஞ்சிருப்பாங்க.”

“டிசைனுக்கு ஒரு மனுஷனையே தூக்குவாளா?” என்றார் மேடம்.

ஒரு ஆளையே தூக்குகிறவர்கள் வேறு என்னென்ன தூக்கியிருப்பார்கள்? அதன் பிறகு எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் ஓரத்தைத்தான் பார்த்தேன்.

ரிக்கார்டை ஓட்டினோம். சேக்காளி பழைய பிளேயர் ஒன்றை ரிப்பேர் செய்து வைத்திருக்கிறான். பக்கத்துச் சந்தில் தகரம் தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்ததால் ஷட்டரைப் பாதி இறக்கினான். இரண்டு ரிக்கார்டுக்கும் சேர்த்து நாலு பக்கம், அதில் முதல் மூன்று பக்கம் புதுசு. முலுண்ட்காரருக்குப் பிடித்தது, மேடத்துக்கு ரெண்டாவது பக்கம் சவசவ என்று பட்டது. நாலாவது பக்கத்தில் கடைசியாக ஒரு நீள டிராக். முதலில் இரைச்சல். பாத்திரம் உருட்டுகிற சத்தம். தூரத்தில் கீபோர்டு. பிறகு யாரோ தும்முகிறார்கள், மூன்று தரம், மூன்றாவது நீளமாக. உடனே ஒரு ஆம்பளைக் குரல்: “பந்தி போட்டாச்சா?”

முலுண்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். “க்யா சாம்பிள் ஹை! தும்மல எடுத்துத் தாளத்துல கரெக்டா உக்கார வச்சிருக்கான் பாருங்க. இதுக்குத்தான் இவங்க பெரிய ஆளு.”

அது என் தும்மல்.

எட்டாம் கிளாஸோடு படிப்பை விட்டுத் தோல் பை தைக்கிற பட்டறையில் சேர்ந்தவன் நான். பதினாறு வயசில் லேபர் கேம்ப் ஹாலில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சொல்லிவைத்த ஆர்கெஸ்ட்ரா வரவில்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டுவந்த ஆட்கள்தான் புத்தகம் போட்ட இவர்கள். முதலாளியின் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்த நான் அதில் பதிவு செய்தேன். சாம்பிராணி மூக்கில் ஏறித் தும்மினேன். பந்தி விசாரித்தது எங்கள் முதலாளி. அந்த ஹாலில் வேறு யாரும் பதிவு செய்யவில்லை. அவர்கள் முதன்முதலில் வாசித்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே பதிவு என் கேசட். மழைக்குப் பயந்து இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, தகரப் பெட்டியில், அரிசி டிரம்முக்கு மேலே வைத்திருந்தேன். எனக்குச் சொந்த வீடு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அதுதான்.

அது என் கையை விட்டு ஒரே ஒரு தரம் போயிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால், உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத்துண்டு கழன்றுவிட்டது என்று சேக்காளியிடம் கொடுத்தேன். பதினோரு நாள் அவனிடம் இருந்தது.

மேடம்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். ஒவ்வொரு பொருளும் யார் கொடுத்தது என்று அதில் போட்டிருந்தது. கடைசி டிராக்குக்கு நேரே ஒரு பேர். மேடம் நிமிர்ந்து சேக்காளியைப் பார்த்தார்.

“உங்க பேர்னா போட்டிருக்கு! சொல்லவே இல்லையே?”

“எம் பேரா? எங்க?” என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் முதலில் சிரிக்கத்தான் செய்வான்.

“மச்சான்,” என்றேன். “அது என் கேசட்டு. நீ பதினோரு நாள் வச்சிருந்த.”

“பதினோரு நாளா? எண்ணியா வச்சிருக்க?”

“எண்ணாம?”

“மாப்ள, பஞ்சு ஒட்டுனேன், ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன், குடுத்துட்டேன். அதுல நீ தும்முததக் கேக்கதுக்கு நான் எதுக்கு காப்பி எடுக்கேன்?”

“அப்ப உன் பேரு எப்படி வந்துது?”

அவன் யோசித்தான். யோசித்ததில் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. பிறகு, நானே எதிர்பார்க்காமல், போனை எடுத்துத் தடவி ஒரு மெசேஜைக் காட்டினான். நாலு மாசத்துக்கு முன்னால் போன் நம்பர் வழியாக அவன் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் வந்திருந்தது.

“இதுவா இருக்குமோ?” என்றான்.

“வித்திருக்க,” என்றேன்.

“ஏலே, வித்தவன் தானே எடுத்துக் காட்டுவானா? இது யாரு போட்டான்னே எனக்குத் தெரியாது. இப்பம் அப்படி ஒரு ஏமாத்து நடக்குல்லா, ஒருத்தன் தெரியாத மாதிரி பணத்தப் போடுவான், பெறவு போன் பண்ணி அழுவான், திருப்பிப் போடச் சொல்லி லிங்க் அனுப்புவான், அத அமுக்குனா நம்மகிட்ட உள்ளதும் போயிரும். அதனால ரெண்டு மாசம் தொடாம வச்சிருந்தேன். ஒருத்தனும் கேக்கல. பெறவு பிளைவுட் எடுத்தேன். இந்தப் புஸ்தகத்துக்குப் பங்கு போட்டதும் அதுல இருந்துதான்.”

“யார் பங்கு?”

“எம் பங்கும் ஒம் பங்கும்.”

என் பணத்தை எடுத்தே எனக்குக் கடன் கொடுத்து, அதை மூன்று தவணையில் என்னிடம் வாங்கியும் இருக்கிறான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மேடம் பேங்க்காரர், பணம் என்றால் பதற மாட்டார். “பணத்தோட வேற ஏதாவது வந்ததா?” என்று கேட்டார். வந்திருந்தது. அதே நாளில் வாட்ஸப்பில், தெரியாத நம்பரிலிருந்து, இங்கிலீஷில் ஒரு ஃபைல். அவன் திறக்கவே இல்லை.

“தெறங்கோ.”

“தெறந்தா அவ்வளவுதான் மேடம். அக்கவுண்ட் காலி.”

இந்த ஒரு விஷயத்தில் நானும் அவன் கட்சி. திறக்கக் கூடாது என்றுதான் நானும் சொன்னேன். முலுண்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க பாஸ், போனா என் அக்கவுண்ட் போகட்டும்,” என்று வாங்கித் தன் போனில் திறந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் என் போனை அணைத்து வைத்தேன்.

அது ஒரு ஒப்பந்தப் படிவம். சேக்காளியின் பேர், அவன் நம்பர், கீழே விரலால் கிறுக்கின ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் ஒரு போட்டோ: கேசட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிற ஒரு இடது கை. பெருவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து, கறுத்து, மேடாக வளர்ந்திருந்தது.

தோல் தைக்கிறவர்களுக்கு மெஷின் ஊசி நகத்தில் இறங்கினால் அப்படித்தான் வளரும். சேக்காளி மரவேலைக்காரன். அவன் நகம் பத்தும் ஒழுங்காக இருக்கிறது.

மூன்று பேரும் ரிக்கார்டு உறைமேல் இருந்த என் கையைப் பார்த்தார்கள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் செம்பூர் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செம்பூரில் ஒரு கச்சேரி. வாசலில் ஒரு மேசை. பழைய கேசட் இருந்தால் கொண்டுவாருங்கள், இலவசமாகப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறோம் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். நாடா என்றைக்காவது அறுந்துபோகும் என்ற பயத்தில் கொண்டுபோனேன். பக்கத்திலேயே நின்று, அது ஓடி முடிகிற வரை கண் எடுக்காமல் பார்த்தேன். கேசட் பத்திரமாகத் திரும்பி வந்தது. மேசைக்காரப் பெண் ஹிந்தியும் இங்கிலீஷுமாக என்னவோ வேகமாகச் சொல்லி, கேசட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து, பெரிய போன் மாதிரி ஒன்றை நீட்டிப் பேரும் நம்பரும் கேட்டாள். யாராவது பேரும் நம்பரும் கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நாளைக்கு யாராவது கூப்பிடுவான், லோன் என்பான், போலீஸ் என்பான். அதனால் சேக்காளியின் பேரையும் நம்பரையும் கொடுத்து, அவள் காட்டின இடத்தில் விரலால் கிறுக்கியும் வைத்தேன். அவன் எந்தப் போனுக்கும் பயப்பட மாட்டான். அது இலவச வேலை, முடிந்தது என்று மறந்தும்போனேன். அந்த மேசை அந்த இரண்டு பேருடைய ஆட்கள் போட்டது என்று போர்டில் இருந்திருக்கலாம். போர்டு இங்கிலீஷில் இருந்தது.

இதை நான் சொல்லி முடித்ததும் சேக்காளி எழுந்து ஷட்டரை முழுசாக ஏற்றினான். வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“எம் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்க.”

“விரலாலதான் போட்டேன்.”

“இன்னும் எங்கெல்லாம் எம் பேரு குடுத்திருக்க? உள்ளதச் சொல்லு.”

சொன்னேன். மருந்துக்கடை. கூரியர். மாலில் கார் பரிசு என்று ஒரு கூப்பன் பெட்டி. கோவண்டியில் தவணைக்குச் சைக்கிள் எடுத்தபோது ஜாமீன் கேட்டார்கள், அங்கே.

“ஜாமீனா!” மேடத்தைப் பார்த்தான். “மேடம், இவன் என்னக் கள்ளன்னு சொல்லுதான். எனக்கே தெரியாம நான் ஊர் முழுக்க வாழ்ந்துக்கிட்டு இருக்கேன்.”

முலுண்ட்காரர் சிரித்துச் சிரித்து ரிக்கார்டு உறையைக் கீழே போட்டார். சேக்காளி சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவன் என்னைப் பார்த்த பார்வை, நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை.

மேடம்தான் ஒரு வழி சொன்னார். “நான் அவாளுக்கு மெயில் போடறேன். அடுத்த பதிப்புல உங்க பேர் வந்துடும். நியாயமா அது உங்களோடதுதானே? பேர், விலாசம், ஆதார் காப்பி, உங்க நம்பர், இவ்வளவு குடுத்தாப் போறும்.”

அவர் சொல்லச் சொல்ல உள்ளங்கை வேர்த்தது. ஆதார் காப்பி எங்கே போகும், யார் கையில் சேரும்? வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு வாரம் யோசித்தேன். என் தும்மல், என் முதலாளி குரல், நான் பிடித்துக்கொண்டிருந்த டேப்; அதற்கு நேரே என் பேர் அச்சில் வரும். எட்டாம் கிளாஸோடு நின்றவனுக்கு வேறு எங்கே வரப்போகிறது? அடுத்த ஞாயிறு மேடத்திடம் வேண்டாம் என்று சொன்னேன். அவன் பேரிலேயே இருக்கட்டும்.

“எட்டாயிரத்த ஒனக்கே தந்துருதேன், பேருக்கு வாடகை ஐநூறு கழிச்சுக்கிடுதேன்,” என்றான் சேக்காளி. கேலியா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வந்தது எட்டாயிரம்தானா என்பதும் நான் கேட்காத இன்னொரு கேள்வி. அவன் காட்டினது ஒரு மெசேஜ், அதற்கு மேலே கீழே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அன்றைக்கே கல்லாவிலிருந்து மூவாயிரம் கொடுத்தான். தீபாவளி கழிந்து இரண்டாயிரம் கொடுத்தான். மீதிக்கு இன்னும் நாள் சொல்லவில்லை. அவன் கணக்குப்படி எனக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு. என் கணக்குப்படி மூவாயிரம்.