எண்ணெய் குடிக்காத தரை

பெத்தம்மாளுக்குப் பயம் உடம்போடு பிறந்தது. பால் பொங்கினால் பயம், பொங்காவிட்டாலும் பயம். பசுவந்தனையிலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு வேலைக்கு வருகிறவள். பஸ் கிளம்பியதும் ‘வீட்டைப் பூட்டினோமா’ என்று ஆரம்பித்தாளானால் இறங்குகிற வரைக்கும் அதே ரோதனைதான். வீட்டுக்குள் புருஷன் வேல்சாமி படுத்துக் கிடக்கிறானே, அவனை வைத்தா பூட்டுவார்கள் என்கிற யோசனைகூட வராது. இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு கண்ணாடித் தரைக்குக் காவல் வைத்தால் என்ன ஆகும்?

கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் அப்படித்தான் வைத்தார். இரண்டாயிரத்து இரண்டில் புதுக் கட்டடம் கட்டியபோது பாக்கிங் ஹாலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் கொண்டுவந்து தரை போட்டார். சிமெண்டை மிஷின் வைத்துத் தேயோ தேய் என்று தேய்த்து, அதன் மேல் ரெசின் என்று பிசின் மாதிரி ஒன்றை ஊற்றிப் பரப்பினார்கள். காய்ந்த பிறகு பார்த்தால், மேலே எரிகிற டியூப்லைட் கீழேயும் எரிந்தது.

தரை போட்டவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெத்தம்மாளை நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் காய்ந்த துணியால் மண்ணை ஒற்றி எடுக்கணும். பிறகு கொஞ்சம் சோப்புத் தண்ணியில் முக்கிப் பிழிந்த மாப். அதற்குப் பிறகு நல்ல தண்ணி, உடனே உலர்ந்த துணி. ஆசிட் ஆகாது, தேங்காய் நார் ஆகாது. எண்ணெயைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. இங்கே ஒருத்தி எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று கோயம்புத்தூர்க்காரனுக்கு ஜோசியமா தெரியும்?

அன்றிலிருந்து அந்தத் தரைதான் பெத்தம்மாளுக்கு இன்னொரு பிள்ளை. தின்பண்டம் செய்கிற இடம், சாமி படம் இருக்கிற இடம் என்பதால் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் வருவார்கள். அந்த வெறுங்காலையும் அவள் நம்பமாட்டாள். கரிசல் மண் இருக்கிறதே, நனைந்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும், காய்ந்தால் பொடியாகிப் பிசின் பூச்சைக் கீறும். வாசலுக்கு உள்ளே சாக்குகளை விரித்துப்போட்டு, மாப்பை வேல்க்கம்பு மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“ஏட்டி, கால்ல என்ன, பாதி வயக்காட்டையே கொண்டாந்துட்ட? நான் தொடைச்சு முடிக்குமுன்ன சாக்க விட்டு எறங்குனா கால ஒடிச்சிருவேன், ஆமா!”

பாக்கிங் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனாலும் எவளும் இறங்கமாட்டாள். அவள் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் பெண்களில் ஒருத்தி அவள் மகள் முத்துச்செல்வி. கோவில்பட்டியிலேயே வாக்கப்பட்டவள். கல்யாணமாகி வருஷம் ஓடிக்கொண்டே இருந்ததே தவிர வயிறு திறக்கவில்லை. ஏறாத கோயில் இல்லை, குடிக்காத மருந்து இல்லை. இரண்டு முறை தங்கியது கலைந்து, மூன்றாவதாக இப்போதுதான் ஏழு மாதம் தாண்டி நிற்கிறது. வீட்டில் தனியாக இருந்தால் கண்டதையும் நினைத்து மனசு கெடுகிறது என்று அவளே அடம்பிடித்து வேலைக்கு வந்தாள். உட்கார்ந்தபடி மிட்டாய்க்குக் காகிதம் சுற்றுகிற வேலை. மகள் ஹாலுக்குள் நடந்துபோய் உட்காருகிற வரைக்கும் பெத்தம்மாள் மூச்சு விடமாட்டாள்.

ஐப்பசி மாதம். மறுநாள் மெட்ராஸ் பார்ட்டி கம்பெனி பார்க்க வருகிறது என்றார்கள். சாயங்காலம் முதலாளி ஹாலைச் சுற்றி வந்தவர் நடுவில் நின்றார்.

“என்ன பெத்தம்மா, தரை இப்பிடிச் செத்துக் கெடக்கு?”

நடைபாதைப் பக்கம் பளபளப்பு மங்கித்தான் இருந்தது. “நாளைக்குப் பாருங்க அண்ணாச்சி, முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் போனபின் சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்தாள். மங்கல் போகவில்லை. அப்போதுதான் அவளுடைய வீட்டுத் தரை நினைவுக்கு வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் காவித் தரையைக் கழுவிக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பாள். சிமெண்டு எண்ணெயைக் குடித்துவிடும். விடிந்தால் தரை சிவப்பாய் ஜொலிக்கும். அவ்வளவுதானே! கடையில் எண்ணெய் வாங்கிவந்து, பெரிய வாசல் சாக்குகளை ஒட்டி ஆரம்பித்து உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து தேய்த்து, பக்கவாசலுக்கு வந்து, தேய்த்த ஓரத்திலேயே வெகுநேரம் அசந்து உட்கார்ந்திருந்துவிட்டு வெளியேறிப் பூட்டினாள். தேய்த்த இடத்தில் ஒரு அடிகூட அவள் எடுத்துவைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தரை ஜெகஜ்ஜோதியாய் இருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடியுமுன்னே மழை பிடித்துக்கொண்டது. நேற்று உடுத்திய சேலையை வாளியில் முக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். வாளித் தண்ணியில் எண்ணெய் மிதந்தது. சேலையின் பின்பக்கம் முழுக்கப் பிசுபிசுவென்று எண்ணெய். தேய்த்து முடித்த பிறகு பக்கவாசல் ஓரத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளே. அதுவரைக்கும் எண்ணெய் உள்ளே இறங்கவில்லையா? மேலேதான் பிசின் பூசியிருக்கிறதே, அது எப்படிக் குடிக்கும்? குடிக்காவிட்டால் அத்தனை எண்ணெயும் இப்போது எங்கே கிடக்கும்?

“ஐயோ, எம் மக!”

வேல்சாமி விழித்து என்ன ஏது என்று கேட்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள்.

வந்த பஸ் பாதி வழியில் நின்றது. ஓடையில் வெள்ளம், தரைப்பாலத்துக்கு மேல் தண்ணி. வடிந்தால்தான் போகமுடியும் என்று டிரைவர் பீடியைப் பற்றவைத்தார். பஸ்ஸுக்குள்ளோ திருவிழாதான். உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சனங்கள்.

“பாழாப்போன மழை, இன்னைக்குத்தான் கொட்டணுமா!” என்று பெத்தம்மாள் வாய்விட்டாள்.

முன்சீட்டுப் பெரியவர் சடாரென்று திரும்பினார். “ஏத்தா, மழைய வையுதியே, சோறுதான திங்க?”

பெத்தம்மாளின் புருஷனும்தான் விதைத்திருக்கிறான். கண்ணுக்குள் முத்துச்செல்வியின் ஈரக்கால் மட்டும்தான் நின்றது. நனைந்த கால், எண்ணெய்த் தரை. நான் போகிற வரைக்கும் அவளுகள் வெளியே நிற்பாளுகள் என்று ஒரு மனசு சொன்னது. இந்த மழையில் எங்கே நிற்பாளுக, வாட்ச்மேன் சீனி இரக்கப்பட்டுத் திறந்துவிடுவானே என்று இன்னொரு மனசு சொன்னது. ஆபீஸுக்குப் போன் போடலாமென்றால் ஆபீஸ் திறக்க இன்னும் நேரம் கிடக்கிறது. ‘தாயே, என் கையை வாங்கிக்கோ, காலை வாங்கிக்கோ, அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுரு’ என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

பஸ் கோவில்பட்டியில் நிற்குமுன்னே குதித்தாள். கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது பெரிய வாசல்தான். கதவு திறந்து கிடந்தது. வாசலோரம் செருப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் முத்துச்செல்வியின் நீலச் செருப்பு.

“ஏ செல்வி!” என்று கத்தினாள். தகரத்தில் கொட்டுகிற மழைச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? கால்கள் தினமும் போகிற பழக்கத்தில் பக்கவாசலுக்குத்தான் ஓடின. இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்து, அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஹாலுக்குள் பாய்ந்தாள்.

இரண்டாவது எட்டு தரையில் பாவவே இல்லை. ஆள் அந்தரத்தில் போய்த் தொப்பென்று விழுந்தாள். இடது கை அடியில் மடங்கியது. விழுந்தவள் அப்படியே வழுக்கிக்கொண்டு ஹாலின் நடுவுக்கு வந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பெரிய வாசலுக்கு உள்ளே, விரித்துப்போட்ட சாக்குகளின் மேல், பாக்கிங் பெண்கள் அத்தனை பேரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு நின்றார்கள். கால்களில் கரிசல் சேறு. ஒருத்தியும் சாக்கை விட்டு இறங்கியிருக்கவில்லை. நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முத்துச்செல்வி.

“அம்மா!” என்று அலறி அவள் ஒரு காலைத் தூக்கினாள்.

“கால வைக்காத! அங்கனயே நில்லு! ஏ சுகுணா, அவளப் பிடிட்டி, பிடிச்சுக்கோ!”

பக்கத்தில் நின்ற சுகுணா முத்துச்செல்வியை இடுப்போடு கட்டிப்பிடித்தாள். தூக்கின கால் சாக்கிலேயே திரும்ப இறங்கியது.

“தரையெல்லாம் எண்ணெ. நாந்தான் தேச்சேன், மூதேவி. ஒருத்தரும் வராதீங்க. சீனி, வறுத்த கடலத் தொலி மூட மூடயா கெடக்குல்ல, அதக் கொண்டாந்து வாசல்ல இருந்தே வீசு. எம்மேல விழுந்தாலும் பரவாயில்ல, வீசு!”

சீனி மூட்டைகளைப் பிரித்து வீசினான். செந்தொலி பறந்துபோய் எண்ணெயில் ஒட்டியது. அவள் தலையிலும் சேலையிலும் ஒட்டியது. அதன் மேல் கனமாகச் சாக்குகளைப் போட்டுக்கொண்டே வந்து இரண்டு பேர் அவளைத் தூக்கப் பார்த்தார்கள். மாட்டேனென்று தலையாட்டினாள்.

“மொதல்ல அவள வெளிய கூட்டிட்டுப் போங்க.”

“நாங்கதான் உள்ள வரலயே அத்தை,” என்றாள் சுகுணா. “சீனியண்ணன் தெறந்துவிட்டதும் செல்விதான் எல்லாத்தையும் மறிச்சா. ‘சேத்துக் காலோட எறங்குனோம்னு தெரிஞ்சா எங்கம்மா கொன்னே போடுவா, அவ வாரவரைக்கும் நிப்போம்’னா. அப்ப பிடிச்சு நிக்கோம், கால் கடுக்க.”

பெத்தம்மாள் கடலைத் தொலிக்கு நடுவில் கிடந்தபடி, மகள் சாக்கு சாக்காகப் பின்னால் நகர்ந்து, வாசல்படியைத் தாண்டி, சீனியின் ஸ்டூலில் உட்காருகிற வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்தாள். முத்துச்செல்வி அழுதுகொண்டே நீலச் செருப்பைக் காலில் மாட்டினாள்.

“நல்லா ஒக்காந்துட்டியாட்டி?”

“ஒக்காந்துட்டேம்மா.”

அதற்குப் பிறகுதான் பெத்தம்மாள் தன் இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு கோணிக்கொண்டு கிடந்தது.

“ஏ சுகுணா, எங்கை ஒடிஞ்சிட்டு போலிருக்கேட்டி” என்று சொல்லிவிட்டு, கம்பெனியே அதிர அழ ஆரம்பித்தாள்.