தேன்மொழியோடு காரைக்காலில் ஒரு பகல்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை திருச்சியிலிருந்து காரைக்கால் போய்விட்டு அன்றே திரும்பினோம். நான், கணவர் சேகர், மகள் தேன்மொழி. எந்த ரயிலில் கூட்டம் குறைவு, எந்த ஊரில் டிபன் நன்றாக இருக்கும் என்றுதான் இந்த வலைப்பதிவில் வழக்கமாக எழுதுவேன். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஆனால் இது சுற்றுலா இல்லை.

தேன்மொழிக்கு ஒன்பது வயது. மூன்றரை வயதில் தத்தெடுத்தோம். ஐந்தாவது வயதில் ஏடிஎச்டி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வலது காது பாதிதான் கேட்கும், அதற்கு மெஷின் உண்டு. எழுத்துகள் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஏடிஎச்டி என்றால் சுட்டித்தனம் என்று நினைப்பவர்கள் நிறைய. எங்கள் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நடுரோட்டில் கையை உதறிக்கொண்டு ஓடுவாள். கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு வந்து விளையாடுவாள். தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினால் அது நல்ல இரவு. இரண்டு பள்ளிகள் மாற்றியாயிற்று. மூன்றாவது பள்ளியும் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடுப்பு எல்லாம் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன்.

அம்பகரத்தூர் பக்கம் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய விடுதிப் பள்ளி இருப்பதாகப் பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு அம்மா சொன்னார். போன் செய்தோம். "சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க, பாத்துட்டு சொல்றோம்" என்றார்கள். தேன்மொழியிடம் கடல் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். பையில் அவளுடைய துணி நான்கு செட் எடுத்து வைத்தேன்.

காலை ஆறேகாலுக்கு ரயில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகப் பத்து மணிக்கெல்லாம் காரைக்கால். முன்பதிவு இல்லாத வண்டி, தஞ்சாவூர் வரை இடம் கிடைக்காது. இப்படி ஒரு குழந்தையோடு போகிறவர்கள் முதல் பெட்டியையும் கடைசிப் பெட்டியையும் தேர்ந்தெடுங்கள், கூட்டம் குறைவு. கதவு ஓரம் மட்டும் வேண்டாம். சேகர் கதவுக்கு முன்னால் நின்றபடியே நான்கு மணி நேரம் வந்தார். மாத்திரையை ஆறு மணிக்கே கொடுத்திருந்ததால் திருவாரூர் வரை ஓரளவு அடங்கி இருந்தாள். பிறகு எதிர்சீட்டில் இருந்தவரின் செருப்பை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாள். அவர் கத்தவில்லை. "வளர்ப்பு சரியில்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சேகர் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அவருக்கு அளவு சேரவில்லை.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரை மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு நூற்று இருபது ரூபாய். ஓட்டியவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாப்பா ரொம்ப துறுதுறுன்னு இருக்கே. யாரு ஜாடைங்க?"

நாங்கள் இரண்டு பேரும் கறுப்பு. தேன்மொழி நல்ல வெளுப்பு, பூனைக் கண். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தயாராக ஒரு பொய் வைத்திருப்பேன். அன்று சொல்லத் தோன்றவில்லை. "தத்து எடுத்தோங்க" என்றேன்.

"புண்ணியம்ங்க" என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். அவளை அறையில் விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நினைவு வரும்.

கடற்கரையில் அந்த நேரத்தில் கூட்டமே இல்லை. அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போகாதீர்கள், இழுப்பு அதிகம் என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். ஈர மணலில் நண்டு வளைகளைப் பார்த்ததும் தேன்மொழி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சரியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வளையிலும் விரலை விட்டு, "உள்ள யாரு? வெளிய வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "வரமாட்டேங்கறாங்கம்மா" என்றாள். சேகர் எழுந்து சற்றுத் தூரம் போய்க் கடலைப் பார்த்து நின்றார். இப்படி ஐம்பது நிமிடம் அவள் ஓர் இடத்தில் இருந்து இரண்டு வருடம் ஆகிறது. அதுவும் இன்றைக்குத்தான் வர வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பதினொன்றரைக்குக் கிளப்பினோம். வரமாட்டேன் என்று அழுதவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு பஸ் ஸ்டாண்டு வந்தோம். அங்கிருந்து அம்பகரத்தூருக்குத் திருநள்ளாறு வழியாக பஸ் உண்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் போல. சனிக்கிழமை என்பதால் திருநள்ளாறு கூட்டம் அத்தனையும் அங்கேதான். அதை நான் யோசித்திருக்க வேண்டும். பஸ் ஹாரன் சத்தத்தில் காது மெஷினைப் பிடுங்கி எறிந்தாள். நான் குனிந்து அதைத் தேடும்போது நகரும் பஸ்ஸின் முன்னால் ஓடினாள். சேகர் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தார். நான் எழுந்து போய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

அவள் தரையில் விழுந்து அலறினாள். "விடு. நீ எங்க அம்மா இல்ல. எங்க அம்மா வேற. என்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

தத்தெடுத்ததைக் குழந்தையிடம் சிறு வயதிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். சொன்னோம். கோபம் வரும்போது அவளிடம் இருக்கும் ஒரே கல் அதுதான். வீட்டில் எறிவாள், நான் வாங்கிக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டில் எறிந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் நாற்பது பேர். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா தேன்மொழியை வாரி எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"யாரு புள்ளைய யாருடி இழுத்துட்டுப் போறது?"

"எங்க பொண்ணுங்க" என்றார் சேகர்.

"ஒன் பொண்ணா? மூஞ்சியப் பாத்தா அப்புடித் தெரியலயே. பையில என்னா? தொறந்து காட்டு."

யாரோ பையைத் திறந்தார்கள். உள்ளே குழந்தைத் துணி மட்டும். எங்களுக்கு ஒரு மாற்றுத் துணிகூட இல்லை. ஒருவர் சேகரின் சட்டையைப் பிடித்தார். அடி விழுவதற்குள் புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி போட்ட காவலர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தத் தொப்பியைப் பார்த்ததும் தேன்மொழி அழுகையை நிறுத்திவிட்டு அதைத் தொடக் கையை நீட்டினாள்.

எங்களைப் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்த போலீஸ் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மீன்கார அம்மாவும் குழந்தையை விடாமல் கூடவே வந்தார். என் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். தத்து உத்தரவின் நகல், ஆதார், ஊனமுற்றோர் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். காவலர் ஒவ்வொன்றாகப் படித்தார். தத்து உத்தரவில் இருந்த எங்கள் புகைப்படத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிங்கம்மா. ஒங்க புள்ளதான்." அடுத்த தாளைத் திருப்பினார். "இது என்னாங்க, சேர்க்கை விண்ணப்பமா? தங்கிப் படிக்கிற எடமா?"

"ஆமாங்க."

"இன்னிக்கா?"

காவலர் ஃபைலை மூடி என்னிடம் நீட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. மீன்கார அம்மா தேன்மொழியைக் கீழே இறக்கிவிட்டார். "தண்ணி குடு தாயி, நாக்கு வறண்டு போயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் கூடையைத் தேடிக்கொண்டு போனார். என் மகள் என்று சட்டப்படி நிரூபித்த அதே நிமிடத்தில், அவளை விட்டுவிட்டுப் போக வந்தவள் என்பதும் அந்த அறையில் நிரூபணமாகிவிட்டது.

பஸ்ஸில் ஏறத் தைரியம் வரவில்லை. நானூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசி அம்பகரத்தூர் தாண்டி அந்த இடத்துக்குப் போனோம். மணி ஒன்றரை. நடத்துபவர் பெயர் தெரேஸ். காரைக்கால்காரர், பிரான்ஸில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து, ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தவர். ஓட்டுக் கட்டிடம், பதினெட்டுப் பிள்ளைகள், சுத்தமாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் தேன்மொழி இரண்டு தடவை கேட் கொண்டியைத் திறந்து வெளியே ஓடினாள். இரண்டாம் தடவை பின்பக்க வாய்க்கால் மேட்டில் பிடித்தோம்.

தெரேஸ் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "முடியாதுங்க" என்றார். "ஓடுற புள்ளைய நான் எடுக்கறதில்ல. ராத்திரிக்கி ஒரு ஆயாதான் இருக்காங்க."

"ஒரு மாசம் மட்டும் வச்சுப் பாருங்க" என்றார் சேகர். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஒரு மாசம்னாலும் வாய்க்கால் அங்கேயேதாங்க இருக்கும். மனசுல வச்சுக்காதீங்க."

அந்த நிமிடம் எனக்கு நிம்மதி வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. வந்தது ஏமாற்றம்தான். அன்று இரவு தூங்கலாம் என்று உடம்பு நம்பிவிட்டிருந்தது. தெரேஸ் எல்லோருக்கும் சாம்பார் சாதம் போட்டார். தேன்மொழி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய நிலவரம்: அவள் வீட்டில் இருக்கிறாள். பள்ளி இல்லை. சேகர் பகலிலும் நான் இரவிலும் பார்த்துக்கொள்கிறோம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி நாளாகிறது. இன்னும் இரண்டு இடங்களில் விசாரித்தோம், எடுக்கவில்லை. அடுத்து என்ன என்று எனக்குத் தெரியாது.

இதுபோன்ற குழந்தையோடு காரைக்கால் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமை வேண்டாம். பஸ் ஸ்டாண்டைத் தவிர்த்து, காலையிலேயே நாள் முழுவதற்கும் ஒரே ஆட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். தத்து உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும், மூவரும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படங்களும் போனில் இருக்கட்டும். காலை மாத்திரையின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிடும், முக்கியமான வேலையைப் பதினொன்றுக்குள் முடியுங்கள். காது மெஷினைக் கயிறு போட்டுச் சட்டையில் குத்திவிடுங்கள். எங்களுடையது கிடைக்கவில்லை. குழந்தையை அடிக்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

திரும்பும் டிக்கெட் பற்றி எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போகும்போது மூன்று டிக்கெட். திரும்பி வர மாலை எக்ஸ்பிரஸில் ஒரு வாரம் முன்பே முன்பதிவு செய்திருந்தேன். இரண்டு பேருக்கு. அவளுக்கு அன்று ஸ்டேஷன் கவுன்டரில் சாதாரண அரை டிக்கெட் எடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். வண்டி கிளம்பியதும் சேகரின் போனைப் பிடுங்கி டிக்கெட்டைத் திறந்தாள். அதில் எண்கள் இருப்பது அவளுக்குப் பிடிக்கும். இருபத்து மூன்று, அப்பா. இருபத்து நான்கு, அம்மா. சரியாகப் படித்தாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து, தன் பெயரின் முதல் எழுத்தான டி. திரையை மேலும் கீழும் தள்ளி, எங்கள் பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக அதைத் தேடினாள்.

"அம்மா, டி எங்க?"

சேகர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட மறந்துவிட்டார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. நாகூர் தாண்டும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.