பென்சிலில் எழுதிய பின்பக்கம்

எங்கள் ஆபீஸில் நான் அதிகம் பேசாதவள். மேனேஜர் அறைக்கு ஒரு தாள் போக வேண்டுமென்றால்கூட வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடுவேன். ஸ்கேனர் வந்தபோது அதை என்னிடம் ஒப்படைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மிஷினோடு பேச வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

திருவொற்றியூர் தாண்டி இருக்கும் கன்டெய்னர் யார்டு எங்களுடையது. ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும்போது கேட்டில் சர்வேயர் ஏறிப் பார்த்து ஒரு ஸ்லிப் எழுதுவார். முன்பக்கம் முழுக்க அச்சடித்த கட்டங்கள். பெட்டியில் ஒடுக்கு, கிழிசல் என்று ஏதாவது இருந்தால் பின்பக்கம்தான் எழுத இடம். கடல் காற்றில் ஈரம் ஏறிய தாளில் பால்பாயின்ட் பேனா வழுக்கும். அதனால் கேட்டில் இருப்பவர்கள் காதில் பென்சில் செருகியிருப்பார்கள்.

ஸ்கேனரைப் பொருத்த வந்தவர், "ரெண்டு பக்கமும் அதுவே எடுத்துடும்மா. பின்னாடி ஒண்ணும் இல்லேன்னா அதுவே தள்ளிடும். உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கட்டுக் கட்டாகக் கொடுத்தேன். ஸ்கேன் ஆன தாள்கள் சாக்கு மூட்டைக்குப் போகும். வாரக் கடைசியில் மூட்டை கிழிக்கும் மிஷினுக்குப் போகும்.

ஒரு மழை நாளில் டிரெய்லர் டிரைவர் ஒருவர் மேனேஜர் அறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார். தண்டையார்பேட்டைக்காரர். அவர் எடுத்துப்போன காலிப் பெட்டி, கூரைத் தகடு கிழிந்து திரும்பியிருந்தது. அவர்தான் எங்கோ இடித்துவிட்டார் என்று அவருடைய நுழைவு பாஸை ரத்து செய்யப் போகிறார்கள். பாஸ் இல்லையென்றால் எந்த யார்டு கேட்டும் அவருக்குத் திறக்காது. சர்வேயரோ, எத்தனையோ பெட்டி பார்க்கிறேன், நினைவில்லை என்று போனில் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லையேப்பா. பின்பக்கம் எழுதவே இல்லை" என்றார் மேனேஜர்.

"இன்னா சார் சொல்றீங்கோ? என் கண்ணெதிர்ல எழுதுனாரு. மேல தகடு கிழிஞ்சிகீதுன்னு."

"அப்போ எழுத்து பறந்து போச்சா?"

"அத்த உங்க மிஷினத்தான் கேக்கணும். நான் வண்டி ஓட்றவன்."

பக்கத்து மேசை கிளார்க் சிரித்தார். "மாமு, மரக்கிளைல இடிச்சிட்டேன்னு ஒத்துகினு வூட்டுக்குப் போ. எதுக்கு பேஜாரு?"

"நீ போ நைனா. உனக்கு குந்த நாற்காலி கீது. பாஸ் போச்சின்னா எனக்கு இன்னா கீது?"

அந்த ஸ்லிப் கட்டை மிஷினில் கொடுத்தது நான்தான். அந்த வார மூட்டை இன்னும் போகவில்லை. அவிழ்த்துத் தரையில் கொட்டி உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, குப்பை பொறுக்கறியா?" என்றார் கிளார்க்.

ஸ்லிப் கிடைத்தது. பின்பக்கம் மங்கலாகப் பென்சிலில் இருந்தது: 'மேல் தகடு கிழிசல், ஒரு கை நீளம்.' கீழே சர்வேயரின் கிறுக்கல் கையெழுத்து. மிஷின் அதை வெற்றுத் தாள் என்று தள்ளியிருக்கிறது. ஸ்கேனர் செட்டிங்கில் வெற்றுப் பக்கத்தை நீக்கும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன், எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டினேன், மறுபடி கொடுத்தேன். திரையில் எழுத்து தெரிந்தது. ஒரு பிரின்ட் எடுத்தேன்.

இம்முறை யார் கையிலும் கொடுத்தனுப்பவில்லை. ஸ்லிப்பையும் பிரின்டையும் நானே கொண்டுபோய்க் காட்டினேன்.

மேனேஜர் பார்த்தார். "அன்னைக்கு ஸ்கேன்ல இருந்ததுதான் ரெக்கார்டும்மா. இதை இப்போ யார் வேணா எழுதியிருக்கலாம்."

"நான் எழுதினேன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படிச் சொல்லலை. ஆனா இது வெளியே போனா மத்த டிரைவருங்களும் பழைய ஸ்லிப் எல்லாத்தையும் கேட்பாங்க. கொடுத்துட்டுப் போங்க. மூட்டையை அனுப்பிடுங்க." கையை நீட்டினார்.

"தர மாட்டேன் சார்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வெளியே போய்த் தரையில் கொட்டிக் கிடந்த ஸ்லிப்புகளை இரண்டு கையாலும் அள்ளிவந்து அவர் மேசையில் பின்பக்கம் தெரியப் பரப்பினேன். ஒடுக்கு, துரு, கதவு ரப்பர் இல்லை. எல்லாம் பென்சில், எல்லாம் அதே கையெழுத்து. "இதையெல்லாமும் நானா எழுதினேன்?" என்று கேட்டேன். பிரின்டை டிரைவர் கையில் கொடுத்தேன். ஆபீஸ் தாளை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

மேனேஜர் வெகுநேரம் அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சரி, இந்த ஒரு தடவை பாஸ் இருக்கட்டும்" என்றார்.

"ஒரு தடவை இன்னா சார்? எழுதுனது எழுதுனதுதானே" என்று டிரைவர் சட்டைப்பையில் பிரின்டை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

மாலையில் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். குரல் உயர்த்தியதற்கும், தாளை வெளியே கொடுத்ததற்கும். எழுதவில்லை. மறுநாள் கேட்டார்கள், அன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்த டிரெய்லர் இப்போதும் கேட்டுக்குள் வந்துபோகிறது. அவர் என் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. பாஸ் அவருடையது.