இடுப்பில் இல்லாத துப்பாக்கி

டெல்பர்ட் ஸ்ட்ராட் கேஸ் வண்டி ஓட்டுகிறவன். அமெரிக்காவில் மிசௌரியின் தெற்கு மலைக்காட்டில் வீட்டுக்கு வீடு கொல்லையில் வெள்ளை டாங்கி ஒன்று படுத்திருக்கும். குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற கேஸை அதில் நிரப்புவதுதான் இருபத்தாறு வருஷமாக அவன் பிழைப்பு. தனி ஆள், தனி வண்டி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஆறு மைல் மண் ரோடு இருக்கும். செல்போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் ஒரு கோடு கூட இருக்காது.

பதினோரு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு வீட்டு டாங்கியில் கசிவு இருந்தது. கசிந்தால் வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை கட்டிவிட்டு வரவேண்டும். அதுதான் சட்டம். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரன் பின்னாலிருந்து பைப் ரென்ச்சால் அடித்தான். தோள்பட்டை இரண்டு இடத்தில் முறிந்தது. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் டெல்பர்ட் பனியில் கிடந்தான். அடித்தவன் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

தோள் கூடிய மறுவாரமே டெல்பர்ட் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். அன்றிலிருந்து அது இல்லாமல் அவன் வாசல் தாண்டியதில்லை.

அவன் அக்கா வெல்மா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். காலை ஐந்தரைக்குத் திறப்பாள். முட்டை, பன் மாதிரி சூடான பிஸ்கட், மிளகு போட்ட வெள்ளைக் குழம்பு, காப்பி. டெல்பர்ட் ஆறு மணிக்கு அங்கே இருப்பான். பதினோரு வருஷமாக அவளிடமிருந்து அவனுக்கு ஒரே வரவேற்புதான்.

"டேய், முட்டை திங்க வந்தியா, கல்லாவைக் கொள்ளையடிக்க வந்தியா?"

"உன் காப்பி குடிக்க வந்தேன்க்கா. அதுக்கே ஒரு தற்காப்பு வேணுமே."

கவுண்டரில் எப்போதும் மூன்றாவது ஸ்டூலில் உட்காரும் ராய்ஸ், ரோடு போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், சிரிக்கக் காத்திருப்பான். "கேஸ் வண்டி மேல உக்காந்துகிட்டு இடுப்புல துப்பாக்கி. ஒரு குண்டு தப்பிப்போனா நம்ம ஊரை அடுத்த மாவட்டத்துல போய்ப் பொறுக்கணும், வெல்மா."

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பேச்சு சிரிப்போடு நிற்கவில்லை. வெல்மா காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"நிசமாவே கேக்கறேன்டா. அன்னைக்கு அது உன் இடுப்புல இருந்திருந்தா என்ன பண்ணிருப்ப? சுட்டிருப்பியா? குளிருல கொழந்தைங்களை வச்சுகிட்டு புத்தி கெட்டுப் போன மனுஷன் அவன்."

"அவன் புத்தி என் தோள்ல எறங்குச்சு. ரெண்டு அங்குலம் தள்ளி எறங்கியிருந்தா நீ இப்ப என் கல்லறைகிட்ட நின்னு திட்டிகிட்டிருப்ப. ஐம்பது நிமிஷம் கெடந்தேன்க்கா. ஷெரிஃப் வந்தாரா? நீ வந்தியா? என்னைக் காப்பாத்திக்க என்னை விட்டா அங்க ஆள் இல்ல. இதுல எது தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

"உன்மேல பாயறவனைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. நீ மறக்கிற நாளைப் பத்தித்தான் கவலை."

"பதினோரு வருஷம். ஒரு நாள் மறந்திருக்கேனா?"

"இன்னும் நாள் இருக்குல்ல."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. பாதித் தட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் கழிப்பறைக்குப் போனான்.

துப்பாக்கி கட்டுகிறவர்களுக்குக் கழிப்பறை ஒரு தொந்தரவான இடம். பெல்ட்டை அவிழ்த்தால் கனத்தில் உறையோடு கீழே சரியும். அதற்கு டெல்பர்ட் ஒரு வழி வைத்திருந்தான். துப்பாக்கியை எடுத்து, இறக்கிய கால்சட்டையின் மடிப்பிலேயே வைத்துக்கொள்வான். எழும்போது அதை எடுக்காமல் எழ முடியாது. ஆனால் அன்று கடுங்குளிர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை பஞ்சு வைத்த முழு அங்கி போட்டிருந்தான். அதைக் கழற்றி இறக்கினால் மடிப்பு எங்கே, கால்சட்டை எங்கே என்று தெரியவில்லை. காகிதச் சுருள் மாட்டியிருந்த தகரப் பெட்டியின் மேல் துப்பாக்கியை வைத்தான். அக்காவுக்கு இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவு தட்டப்பட்டது. "டெல்பர்ட்! உன் வண்டி பின்வாசலை மறிச்சுகிட்டு நிக்குது. ரொட்டி லாரிக்காரன் கத்தறான்!" வெல்மாவின் குரல்.

அவசரமாக அங்கியை ஏற்றி ஜிப்பை இழுத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது வீட்டில்தான் தெரிந்தது. பெரிய நாய் ஒன்று பட்டறைக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் கை தானாக அங்கிக்குள் போனது. வெறும் உறை. அந்த நிமிஷம் நாயை அவன் மறந்தே போனான். கண் முன்னால் அந்தத் தகரப் பெட்டி மட்டும் நின்றது.

இருபத்து நாலு மைல். குழாயைச் சுற்றி வைத்ததுகூட அவனுக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது கடையை விட்டுப் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. கழிப்பறை காலி. தகரப் பெட்டி காலி.

வெல்மாவை அடுப்படிக்குள் கூப்பிட்டுச் சொன்னான். அவள் முகம் மாவு நிறமானது. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க் கவுண்டருக்கு முன்னால் நின்றாள்.

"பின்னாடி ஒரு பொருள் இருந்திருக்கு. எது என்னன்னு எடுத்தவங்களுக்குத் தெரியும். இப்பவே இங்க வச்சிருங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்."

பதினாலு பேர் இருந்தார்கள். அதற்குள் வந்து போனவர்கள் எத்தனை பேரோ. யாரும் தலை தூக்கவில்லை. முள்கரண்டி தட்டில் உரசுகிற சத்தம் மட்டும்.

ஷெரிஃபின் ஆள் வந்து துப்பாக்கி நம்பரை எழுதிக்கொண்டார். "இந்த மாவட்டத்துல பாதிப் பேருக்கு இதே துப்பாக்கிதான், டெல்பர்ட். வெளியில வந்தாத்தான் தெரியும்" என்றார். எப்படி வெளியில் வரும் என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவன் வேலைக்குப் போனான். கேஸ் இல்லாவிட்டால் ஜனங்கள் விறைத்துப் போவார்கள். ஆனால் பழகின வாசல்களெல்லாம் மாறிப்போயின. வெல்மா கடையில் சாப்பிடுகிறவர்கள்தான் அவன் கேஸ் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள். ஜன்னலில் திரை அசைந்தால் குழாயைப் பிடித்தபடி நின்றுவிடுவான். எங்கோ மரங்களுக்குப் பின்னால் யாரோ பாட்டிலைக் குறிவைத்துச் சுடுகிற சத்தம் இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். இப்போது ஒவ்வொன்றையும் எண்ணினான். தன்னுடையதில் நிரப்பியிருந்தது பத்துக் குண்டு. ஒரு நாள் மதியம் ஏழு வெடி வரைக்கும் எண்ணினான். அப்புறம் நின்றுவிட்டது. மீதி மூன்றுக்காகக் குளிரில் கால் மணி நேரம் நின்றான்.

பிப்ரவரி முதல் வாரம், கோடையில் மட்டும் ஆள் வருகிற ஒரு ஆற்றோர வீட்டில் டாங்கியின் அளவு பார்க்க மூடியைத் தூக்கினான். அளவு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு, நிமிர்த்தி நிறுத்தியிருந்தது. முனையில் பள்ளம் வைத்தது. அவன் வாங்குகிற வகை. பாதி மாவட்டமும் அதே வகைதான் வாங்குகிறது. யாரோ வேட்டைக்காரன் விளையாட்டுக்கு வைத்திருக்கலாம். ஆனால் அந்த மூடியைத் திறக்கிற ஆள் கேஸ்காரனைத் தவிர வேறு யார்?

அன்று மாலையே போய்ப் புதிதாக ஒன்று வாங்கினான். கடைக்காரர், "இப்பத்தான் உனக்கு நிசமாவே தேவைப்படுது" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில். சொன்னது சரிதான். பதினோரு வருஷம் எவனோ ஒருத்தனுக்குப் பயந்து கட்டினான். இப்போது கட்டுவது தன்னுடைய துப்பாக்கிக்கே பயந்து.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைக்குள் வந்தான். வெல்மாவின் கண் நேரே அவன் இடுப்புக்குப் போனது. முட்டையா கொள்ளையா என்று கேட்கவில்லை. காப்பியை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து பின்பக்கம் போனான். கழிப்பறைக் கதவுக்கு முன்னால் வெல்மா நின்றாள். தோளில் துணி, கை நீட்டியபடி.

"என்கிட்ட குடுத்துட்டு உள்ள போ."

"வழி விடுக்கா."

"என் கடை, என் கக்கூஸ். குடுத்துட்டுப் போ."

கடை முழுக்கப் பேச்சு நின்றது. டெல்பர்ட் திரும்பிப் பார்த்தான். ஒன்பது பேர். ராய்ஸ், ரொட்டி லாரிக்காரன், கோழிப் பண்ணைக்காரர்கள், மர அறுவைக்காரன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும் அவன் இடுப்பைப் பார்க்கிறானோ என்று தோன்றியது. எவன் என்று பிடிப்பதற்குள் எல்லாக் கண்களும் தட்டுக்குப் போய்விட்டன.

"உனக்குக் குடுக்கறதுல ஒண்ணுமில்லக்கா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இவங்க முன்னாடி வெறும் இடுப்போட நிக்க முடியாது. இதுல எவன்கிட்டயோ என்னோடது இருக்கு."

வெல்மா அவன் தோளைத் தாண்டி அந்த ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தாள். நீட்டிய கை இறங்கவில்லை.

"தெரியும்டா. அவனுக்கும் தினம் நான்தான் முட்டை போடறேன். வெறுங்கையோட."

டெல்பர்ட் கழிப்பறைக்குள் போகாமலே திரும்பி, ஸ்டூல்களுக்குப் பின்னால் நீளமாக நடந்து, வாசல் கதவைத் தள்ளினான். குளிர் முகத்தில் அடித்தது. கதவு முழுக்கச் சாத்துவதற்குள் உள்ளே யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவன் போகவேண்டிய வீடுகள் பதினொன்று.