ஊர்ப் பல்லுக்கு மனு போட்ட அக்கா

மனு ஒன்று பெறப்பட்டால், உரிய காலத்துக்குள் மனுதாரருக்கு எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும். முடிவெடுக்கத் தாமதமாகுமானால், தாமதத்துக்கான காரணத்தையாவது இடைக்காலப் பதிலாகத் தெரிவிக்க வேண்டும். இது விதி. தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக ஓய்வு பெறும் வரை, இந்த விதியைக் கீழ் அலுவலகங்களுக்கு நினைவூட்டுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நானும் நினைவூட்டினேன். நினைவூட்டலுக்கும் பதில் வராது.

நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று அக்காவின் மகள் கேட்கிறாள். அட்டையில் குத்துவிளக்கு போட்டாயிற்று, உள்ளே உள்ளதைச் சொல்லலாம் என்று பதில் சொன்னேன். அக்கா தம் கடைசி ஆண்டுகளை இந்த ஒரு விதிக்காகக் காத்திருந்தே கழித்தார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பாதிதான்.

அக்கா பிறந்தது மேற்குத் தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணியில் இருந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். அக்கா மூத்தவர், நான் கடைசி. அம்மாவுக்கு முடியாத நாட்களில் என் தலைக்கு எண்ணெய் வைத்தவர், என் மதிப்பெண் பட்டியலில் அப்பாவுக்கு முன்பாகவே கண் வைத்தவர், இரண்டுக்கும் ஒரே அளவு வலிமையைப் பயன்படுத்தியவர். பள்ளியிறுதி முடித்ததும் நகரத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். மின்சார ரயிலில் போய் வருவார். அவருடைய குரலைப் பற்றி உறவினர் எல்லோருக்கும் தெரியும். கட்டளையிடும்போதும் கெஞ்சுவது போல இருக்கும். கெஞ்சும்போது கேட்பவர் எழுந்து நின்றுவிடுவார்.

திருமணமாகி சேலையூருக்கு வந்தார். மகள் பள்ளியில் படிக்கும்போதே அத்தான் காலமானார். அதன் பிறகு ஷிப்ட் வேலை, வீடு, மகள் படிப்பு எல்லாம் அக்கா ஒருவர் தலையில். அந்த ஆண்டுகளில்தான் அவருடைய பற்கள் போயின. பல்வலிக்கு விடுப்பு கேட்டால், "பல்வலிக்கெல்லாமா லீவு? கிராம்பை வைம்மா, போர்டுல உக்காரு" என்பாராம் மேற்பார்வையாளர். மருத்துவமனை திறந்திருக்கும் நேரமெல்லாம் அக்கா இணைப்புப் பலகை முன் அமர்ந்து பிறரை இணைத்துக்கொண்டிருப்பார். அவர் வெளியே வரும்போது மருத்துவமனை பூட்டியிருக்கும். வலி முற்றும்; பிடுங்குவார்கள். அடுத்தது ஆடும், பிடுங்குவார்கள். தொலைபேசியில் பல் தெரியாது என்பதால் வேலைக்கு இடையூறு இல்லை. விருப்ப ஓய்வு பெற்று மனிதர்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டி வந்தபோதுதான், சிரிக்கும்போது புடவைத் தலைப்பால் வாயை மூடும் பழக்கம் தொற்றியது. பிறகு பொத்தேரிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், மாணவர்கள் கற்றுக்கொள்ளும் பொருட்டுத் தம் வாயைக் கடன் கொடுத்து, முழு பல்செட் ஒன்றைப் பெற்று வந்தார். அன்று மாலை முறுக்கு வாங்கி வரச் சொன்னார். தெருவுக்கே கேட்கும்படி கடித்தார்.

ஸ்டெல்லாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மாடம்பாக்கம் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் பல வீடுகளில் வேலை செய்பவர். அக்காவுக்கு வேலையாள் என்பதைவிடப் பேச்சுத் துணை. அவருக்குக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி உண்டு, பல் மருத்துவரும் உண்டு. நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்குள்ள பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். பல் பிரிவு காலையில் திறந்து நண்பகலில் மூடிவிடும். ஸ்டெல்லா கடைசி வீட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது மணி மூன்றாகியிருக்கும்.

"ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போயேன்டி" என்பார் அக்கா.

"நீ லீவு குடுப்பக்கா. மத்த வூட்டுல குடுப்பாங்களா? ஒரு நாள் போவலன்னா அடுத்த நாள் வேற ஆளு நிக்கும்."

கேம்ப் ரோட்டில் மருந்துக் கடைக்கு ஒன்று என்று தனியார் பல் மருத்துவமனைகள் இருக்கின்றன. வாசலில் சிரிக்கும் முகங்களின் படம் இருக்கும். அந்தச் சிரிப்பு ஸ்டெல்லாவுக்குக் கட்டுப்படியாகாது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியே நாளைத் தள்ளினார். ஒரு நாள் காலை கன்னம் வீங்கி, வீக்கம் கழுத்து வரை இறங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு அக்கா வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அக்கா ஆட்டோவில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இன்னும் தாமதித்திருந்தால் மூச்சுக்குழல் அடைத்திருக்கும் என்று அங்குள்ள மருத்துவர் சொன்னாராம். ஒரு சொத்தைப் பல்லால்.

வீடு திரும்பியதும் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டேய் தம்பி, ஒரு மனு எழுதணும். பல்லுக்கு."

"உன் பல்லுக்கா?"

"என் பல்லு டம்ளர்ல இருக்குடா. ஊர்ப் பல்லுக்கு."

சாயங்காலமும் பல் பிரிவு திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. நம் நிலையத்துக்கு மட்டும் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அது சலுகை. பல் நாற்காலி உள்ள எல்லா நிலையங்களுக்கும் கேட்டால் அது கொள்கை, மாடி மாடியாக ஏற வேண்டும் என்று விளக்கினேன். "மாடி ஏறட்டும். ஸ்டெல்லா இந்தத் தெருவுல மட்டுமா இருக்கா?" என்றார்.

மனுவை நான் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று எதிலும் குறை வைக்கவில்லை. பதில் வரவில்லை. அக்கா தொலைபேசியை எடுத்தார். "வணக்கம், சேலையூர்லேர்ந்து பேசறேன், சுகாதாரப் பிரிவுக்கு இணைப்பு கொடுங்க" என்ற அந்தக் குரலைக் கேட்டதும், மேலிடத்து எக்ஸ்சேஞ்ச் என்று நினைத்து எங்கெங்கோ இணைத்தார்கள். ஆனால் இணைக்கப்பட்ட இடத்திலெல்லாம் கோப்பு வேறு இடத்தில் இருந்தது. கடைசியில் இருவரும் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு நேரில் போனோம். பிரிவு எழுத்தர் மரியாதையான இளைஞர்.

"சார், கீழேர்ந்து ரிப்போர்ட் வாங்கிட்டோம். சாயங்காலம் பேஷன்ட் யாரும் வர்றதில்லையாம்."

"சாயங்காலம் கேட்டே பூட்டியிருக்குப்பா" என்றார் அக்கா.

"அதாம்மா. பேஷன்ட் வந்தா திறப்பாங்க. யாரும் வரல, அதனால திறக்கல."

இத்தனை உறுதியான கோப்பை என் பணிக்காலத்தில் நானும் கட்டியதில்லை. மனதுக்குள் பாராட்டினேன். அக்கா பாராட்டவில்லை.

திரும்பும் வழியில் ரேஷன் கடையைக் கடந்தோம். கடை திறக்கவில்லை. ஆனால் வாசலில் பைகளும் பாட்டில்களும் செங்கற்களும் வரிசையாக நின்றன. ஆட்கள் எங்கோ வேலையில் இருந்தார்கள். அவர்களுடைய இடம் இங்கே இருந்தது. யாரும் யார் பையையும் தள்ளவில்லை. அக்கா நின்று பார்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து, அக்காவின் ஏற்பாட்டில், சுகாதார நிலையத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே மாலையில் ஒரு வரிசை உருவாயிற்று. துணிப்பை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு கொத்தனாரின் மட்டப்பலகை. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயரும், எந்தப் பல் என்பதும் எழுதிய சீட்டு. வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் ஆட்கள் வந்து, கதவைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு போவார்கள். காவலாளிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா இது, ரேஷன் கடையா? ஆஸ்பத்திரி சாத்திக்கீது, யாருக்கு இடம் போட்டுகினு கீறீங்க?"

"பல்லுக்குப்பா. உனக்கு எதாவது ஆடுதா? சொல்லு, உனக்கும் ஒரு இடம் போடறேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழ்வரிசையில் ஒன்று ஆடுவதாக ஒப்புக்கொண்டார். மறுநாள் அவருடைய தொப்பியும் வரிசையில் இருந்தது.

ஒரு நாள் மாலை வரிசையே காணோம். "குப்பை வண்டிக்காரன் வாரிக்கினு பூட்டான்மா, என் தொப்பியும் சேர்த்து" என்றார் காவலாளி. பாவம், அவர்கள் மேல் தவறில்லை. பூட்டிய கதவின் முன் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய பைகளை வேறு என்னவென்று நினைப்பார்கள்? ஸ்டெல்லாவுக்குத்தான் கோபம். "என் டிபன் பாக்ஸு புச்சுக்கா! பல்லும் போயி பாக்ஸும் போச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வார்டு அலுவலகத்துக்கு எங்களோடு வந்தார்.

துப்புரவு மேற்பார்வையாளர் நல்லவர். பைகளை ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தார். "எடுத்துட்டுப் போங்க சார், எதுக்குப் பிரச்சனை" என்றார். ஸ்டெல்லா கை நீட்டினார். நான் தடுத்தேன். பொது இடத்திலிருந்து அகற்றிய பொருளை உரியவரிடம் திருப்பித் தரும்போது, எங்கே, எப்போது, யாருடையது எடுக்கப்பட்டது என்று குறித்து, கையொப்பமும் முத்திரையும் இட்ட ஒப்புகை தர வேண்டும் அல்லவா என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார் போலும். தாளை எடுத்தார்.

"யாருதுன்னு எழுதறது சார்? எல்லாம் வேற வேற ஆளு."

"பேஷன்ட்டுங்களுதுன்னு எழுதுங்க தம்பி" என்றார் அக்கா, அந்தத் தொலைபேசிக் குரலில். "பல் பேஷன்ட்."

அவர் அப்படியே எழுதினார்: சுகாதார நிலைய வாசலில் மாலை ஐந்தரை மணியளவில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த பல் நோயாளிகளின் பைகள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. முத்திரை குத்தினார். மாலையில் நோயாளிகள் வருவதில்லை என்று ஒரு பிரிவு சொன்னதற்கு, வருகிறார்கள் என்று அதே நிர்வாகத்தின் இன்னொரு பிரிவு எழுதிக் கொடுத்துவிட்டது. வெளியே வந்து அக்கா சிரித்த சிரிப்பை எப்படிச் சொல்வது? புடவைத் தலைப்பு தோளிலேயே இருந்தது.

அந்தத் தாளை இணைத்து இரண்டாவது மனு போயிற்று. இம்முறை அதிகாரி ஒருவரே கூப்பிட்டார். பல் மருத்துவர் இளம் பெண்; புதன்கிழமை மாலைகளில் உட்காரத் தயார் என்று அவரே சொல்லியிருக்கிறார்; ஆணை எதுவும் வேண்டாம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அடுத்த வாரமே தொடங்கலாம் என்றார். கிடைப்பதை வாங்கிக்கொள் என்றுதான் நானும் சொன்னேன். அக்கா மறுத்தார்.

"அந்தப் பொண்ணு தங்கம்டா. நாளைக்கு அவளுக்கு மாறுதல் வந்தா? அடுத்து வர்றவரு எந்தப் பேப்பரைப் பாத்து உக்காருவாரு? அதோட இது இங்க மட்டும். மத்த ஊர்ல வலிச்சா கிராம்பா?"

மனு இருந்தால் புதன்கிழமை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். தெருவில் பேச்சு கிளம்பியது. ஸ்டெல்லா நேராகவே கேட்டார்: "வந்த சோத்தைத் தள்ளிட்டியேக்கா. ஊருக்கெல்லாம் இலை போட்டாத்தான் எனக்கும் சோறுன்னா, அதுவரைக்கும் என் வாய் இன்னா பண்ணும்?"  அக்கா சனிக்கிழமைகளில், வர முடிந்தவர்களைத் தாமே பேருந்தில் ஏற்றிப் பொத்தேரிக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். முழங்கால் வலியோடு போனார். வர முடியாதவர்களை நினைத்து அவர் தூங்காமல் இருந்ததும் எனக்குத் தெரியும். மனுவை மட்டும் திரும்பப் பெறவில்லை.

ஐப்பசி மழையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. இதயம் களைத்துவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டதால் பேச்சு குழறியது. அந்தக் குரலை அப்படிக் கேட்பதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. ஒரு மதியம் கண் திறந்து, "பதில் வந்துச்சாடா?" என்றார்.

"நடவடிக்கையில் இருக்குக்கா."

"எங்கிட்டயேவா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மறுநாள் அமைதியாகப் பிரிந்தார்.

அக்காவின் இறுதி நாட்களில் அருகிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், மழை நீரில் நின்று ஊர்தியைத் தள்ளிய தெரு இளைஞர்களுக்கும், காரியங்களுக்குத் தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். தம் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் அக்காவின் மனுவுக்கு ஆதரவாகப் பரிந்துரைக் கடிதம் எழுதிய பல் மருத்துவருக்கும், ஒப்புகை எழுதித் தந்த மேற்பார்வையாளருக்கும், தொப்பியை வரிசையில் வைத்த காவலாளிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெயர்களைக் குறிப்பிடாததே அவர்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி. அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது, பல்செட்டைப் பொருத்தித்தான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, தம் கையாலேயே பொருத்திவிட்ட ஸ்டெல்லாவுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

பொங்கல் கழிந்து தபால்காரப் பெண் அக்கா வீட்டு மணியை அடித்தார். நான் அங்கே இருந்தேன். உறை அக்காவின் பெயருக்கு வந்திருந்தது. "அம்மா இல்லைன்னு தெரியும் சார். வீட்டுல யாராவது வாங்கலாம். வாங்கறவங்க என்ன உறவுன்னு மட்டும் எழுதணும்" என்றார்.

உறையைப் பிரித்து நின்றபடியே படித்தேன். பல் மருத்துவ வசதி உள்ள எல்லா நிலையங்களிலும் வாரத்தில் மூன்று நாட்கள் மாலையிலும் அப்பிரிவு இயங்க ஆணையிடப்பட்டுள்ளது. தங்கள் மனு இத்துடன் முடிக்கப்படுகிறது என்று இருந்தது. பிழையில்லாத கடிதம். நான் எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன்.

கையொப்பமிட்டு, உறவு என்ற இடத்தில் வழக்கம்போலப் பதவியை எழுதப் போய், நிறுத்தி, தம்பி என்று எழுதினேன்.

பதில் பெறப்பட்ட நாள்: காணும் பொங்கலுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை, முற்பகல்.