சுருளி திருப்பி விட்ட தண்ணீர்

என் மகள் பாண்டிமீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காது இரண்டும் என் காது. பார்க்கிற ஆளிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அடுத்ததாக, "பேத்தி எங்க, வீட்டுலயா?" என்கிறார்கள். வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தெரு சுருளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவனியாபுரம் தாண்டி, ரிங் ரோட்டுக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் காலனி. மாநகராட்சிக் குழாய் எங்கள் பக்கம் வரவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீரைவிடக் காற்றுதான் அதிகம் வரும். வேறு இடத்தில் போர் போட்டுப் பார்த்தோம், பாறைப் பொடிதான் வந்தது. ஆக எங்களுக்கு என்று இருந்தது கோவில் பக்கத்துப் போர் ஒன்றுதான். உப்புத் தண்ணீர். ஆனாலும் குளிக்கலாம், துவைக்கலாம், கொஞ்சம் நேரமானாலும் பருப்பு வெந்துவிடும். அந்தப் போர் போனால் காலனியில் தண்ணீர் இல்லை.

சுருளி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவன். வெங்காய மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து பாரம் தூக்க முடியாமல் போனது. அவனுடைய அப்பா அம்மா இன்னொருத்தர் கிணற்றடியில் காத்துக் கிடந்து, அவர்கள் ஊற்றினால் வாங்கி வந்தவர்கள். அதனாலோ என்னவோ தண்ணீரைக் கீழே விட அவனுக்கு மனசு வராது. அரிசி களைந்தது ஆட்டுக்கு, கை கழுவினது முருங்கைக்கு. பாத்திரம் கழுவின தண்ணீரை அவன் மனைவி மலையம்மாள் வாசலில் கொட்டினால், "அது உன்னைய என்னடி பண்ணுச்சு?" என்று கேட்பான். நாங்கள் சிரிப்போம்.

ரிங் ரோட்டில் இருக்கிற ஒரு சாயக் கம்பெனிக்காரர்கள் எங்கள் காலனிக்கு ஆர்.ஓ. பிளாண்ட் வைத்துக் கொடுத்தார்கள். கோவில் போரிலிருந்து தண்ணீர் எடுத்து, உப்பைப் பிரித்து, குடிக்கிற தண்ணீராகத் தரும். அதைப் பார்த்துக்கொள்ளச் சுருளியைப் போட்டார்கள். நீலச் சட்டை கொடுத்தார்கள். பேனா மாதிரி ஒரு மீட்டரும் கொடுத்தார்கள். தண்ணீரில் நுனியை வைத்தால் எவ்வளவு உப்பு என்று நம்பர் காட்டும். அவன் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து, "மாப்பிள்ளை வாராரு, வழிய விடுங்க" என்று மலையம்மாளே கிண்டல் பண்ணினாள். நாங்கள் குடித்த முதல் தம்ளர் எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. ருசியே இல்லாத தண்ணீர். அவ்வளவு நன்றாக இருந்தது.

கம்பெனியிலிருந்து பவதாரிணி என்ற பெண் மாதாமாதம் வரும். நல்ல பிள்ளை. எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து டீ குடிக்கும். மீட்டிங் போட்டு வார்த்தைகள் சொல்லிக் கொடுக்கும். ரீசார்ஜ் என்றால் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் விடுவது. ரீயூஸ் என்றால் பயன்படுத்தினதைத் திரும்பப் பயன்படுத்துவது. ரிஜெக்ட் என்றால் மிஷின் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீர். சுருளி எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டான். டீக்கடையில் அரசியல் பேசுகிறவர்களிடமே ரீசார்ஜ் பற்றிப் பேசினான்.

ரிஜெக்ட்தான் அவனைத் தூங்க விடவில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால் இரண்டு குடம் சாக்கடைக்குப் போனது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

"பாருண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு. இதப் போயி கழிவுங்குறாங்க."

"மிஷின் ஒதுக்குனதுப்பா."

"மிஷினுக்கு என்ன தெரியும்? அது தண்ணி சொமந்துருக்கா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் கொத்தனார் வேலை பார்த்தவன். போருக்குப் பக்கத்திலேயே தூர்ந்து போன பழைய கிணறு ஒன்று இருந்தது. அதைத்தான் மழைநீர்க் கிணறாக மாற்றி, பிளாண்ட் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருந்தார்கள். சுருளி கேட்டபடி ரிஜெக்ட் குழாயையும் அதிலேயே இறக்கி, சிமெண்ட் பூசிக் கொடுத்தேன். போரில் எடுத்தது போருக்கே போகிறது, ஒரு சொட்டு வீணில்லை என்று காலனியே சந்தோஷப்பட்டது.

அடுத்த முறை பவதாரிணி வந்து பார்த்துவிட்டுக் கை தட்டியது. போட்டோ எடுத்தது. ரிப்போர்ட்டில் ரீசார்ஜ் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எடுத்ததைவிட அதிகமாக மண்ணுக்குத் திருப்பித் தரும் ஊர் என்று பெரிய போர்டு வைத்து, அதில் சுருளி படத்தையும் போட்டார்கள். சென்னையில் ஏதோ ஹோட்டலில் அந்தக் கம்பெனிக்குக் கேடயம் கொடுத்தார்கள். பவதாரிணி அந்தப் போட்டோவை அனுப்பியது. அவன் போனில் இன்னும் இருக்கிறது.

தண்ணீர் கெட்டது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாகத்தான் கெட்டது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை, சோப்பைத் திட்டினோம். பருப்பு வேகவில்லை, கடைக்காரரைத் திட்டினோம். கோவில் வாசல் தென்னங்கன்றின் ஓலை நுனி கருகியது, வெயில் என்றோம். சுருளி மீட்டரை வைத்துப் பார்ப்பான், நம்பர் ஏறியிருக்கும், பேட்டரி சரியில்லை என்று புது பேட்டரி போடுவான்.

பிறகு மிஷின் நின்றது. திருமங்கலத்திலிருந்து விக்ரம் என்ற மெக்கானிக் பையன் வந்தான். உள்ளேயிருந்து, உப்பை வடிகட்டுகிற மெம்பரேனை உருவினான். அதன் மேல் சுண்ணாம்பு மாதிரி உப்பு படிந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ரிஜெக்ட் குழாய் எங்கே போகிறது என்று கேட்டான். சுருளிதான் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினான்.

விக்ரம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"யாருண்ணே இங்கிட்டு விட்டது?"

"நாந்தேன். ஏந்தம்பி?"

"இது வெறும் தண்ணி இல்லண்ணே. மூணு குடத்து உப்பு பூராம் இந்த ரெண்டு குடத்துல இருக்கு. நீங்க உப்ப எடுத்து உப்புக்குள்ளயே ஊத்திருக்கீக. அம்புட்டும் போருக்குள்ள எறங்கிருச்சு."

"கண்ணாடி மாதிரி இருந்துச்சே."

"உப்பு கரைஞ்சா கண்ணுக்குத் தெரியுமாண்ணே?"

அன்றைக்கே சுருளி குழாயை உடைத்தான். நான் பூசின சிமெண்டை நானே கொத்திக் கொடுத்தேன். வாடகை மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்து ஓடையில் விட்டான். இறைக்க இறைக்க அதே உப்புதான் ஊறியது. மோட்டார்க்காரர் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்.

பவதாரிணிக்குப் போன் போட்டான். அது வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. அழுகிற குரலில், "எனக்கு இது தெரியலண்ணே, ரிப்போர்ட்டப் பாத்துட்டு யாருமே எங்கிட்ட கேக்கலண்ணே" என்றதாம். கம்பெனியிலிருந்து வேறு இரண்டு பேர் வந்தார்கள். திட்டக் காலம் முடிந்துவிட்டது, இனி பிளாண்ட் மக்களுடையது என்றார்கள். சாவிக்கு ரிப்பன் கட்டிச் சுருளி கையில் கொடுத்தார்கள். புது மெம்பரேன் பற்றிக் கேட்டதற்கு, ஊர் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள் என்றார்கள். போர்டை மட்டும் எடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பாண்டிமீனா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். எங்கள் தெருவில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவது மலையம்மாள்தான். காலை நீட்டிப் பேத்தியைக் குப்புறப் போட்டு, வெதுவெதுவென்று ஊற்றி, மூக்கைப் பிடித்துவிட்டு, "தாத்தா காத வெட்டிப்புட்டு வேற காது வைக்கவாடி?" என்று கேட்பாள். பேத்தி கை கால் உதைக்கும். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொழுது விடியும்.

கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் கழுத்து மடிப்பும் தொடையும் சிவந்து தோல் உரிந்தது. மலையம்மாள் எண்ணெயை மாற்றிப் பார்த்தாள், மாவை மாற்றிப் பார்த்தாள். ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, எங்கைபட்டு ஒரு பிள்ளைக்கும் இப்பிடி ஆனதில்ல. எங்க வீட்டு ஆளு செஞ்ச வேல இது. நான் இனி ஊத்த மாட்டேன்."

சொன்னபடி அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவள் ஊற்றவில்லை.

மிஷின் நின்ற பிறகு விலைக்கு வாங்குகிற தண்ணீர் குடிக்கத்தான் காணும், பிள்ளையைக் குளிப்பாட்டக் காணாது. பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் சீர் செய்து அனுப்ப வேண்டிய மகளை, மாப்பிள்ளை வந்து முன்னாலேயே திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே குழாய்த் தண்ணீர் வருகிறது. அவர் மேல் தப்பில்லை. தோல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி நான் அங்கே போகிறேன். கையில் இரண்டு கேன். சம்பந்தி அம்மா சிரித்துக்கொண்டே, "பேத்தியப் பாக்க வாரீகளா, தண்ணி புடிக்க வாரீகளா?" என்பார்கள். "ரெண்டுக்குந்தேன்" என்பேன். பேத்திக்கு இப்போது என்னைத் தெரிகிறது. மீசையைப் பிடித்து இழுக்கிறது.

சுருளியோடு காலனியில் யாரும் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. மழை பெய்தால் சரியாகிவிடும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மழையும் பெய்தது. மீட்டரை வைத்துப் பார்த்தான், கொஞ்சங்கூட இறங்கவில்லை. அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசுவதில்லை. நீலச் சட்டை வெளுத்துவிட்டது, வேறு சட்டை இருந்தும் அதைத்தான் போடுகிறான்.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஸ்டாப்பில் நிற்பான். இடுப்பு வலியோடு ஒரு கேனை வாங்கிக்கொள்வான். போன வாரமும் நின்றான்.

"பேத்தி எப்பிடிண்ணே இருக்கா? தோலு?"

"பூப்போல இருக்குப்பா."

கேனின் மூடியைத் திறந்து, மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்தான். நம்பரைப் பார்த்தான்.

"நல்ல தண்ணிண்ணே" என்றான்.

பிறகு அந்த மூடித் தண்ணீரைக் கீழே விடாமல் கேனுக்குள்ளேயே ஊற்றி மூடினான்.