ஊசி இல்லீங்க, மாத்திரை

என் மாத்திரைக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் எங்கள் கம்பெனி டீக்காரர். அது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அரசு மருத்துவமனையில் மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்த அன்று ஆலோசகர் அம்மா கேட்டார்: "தெனமும் ஒரே நேரத்துல போடோணுமுங்க. உங்க நாள்ல தவறாம நடக்கற ஒரு விசயத்தச் சொல்லுங்க, அதோட சேத்து வெச்சுக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்திருக்கும் நேரம்? முதல்நாள் கம்பெனியில் எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. ராத்திரிச் சாப்பாடு? ஷிப்மெண்ட் இருந்தால் ஒன்பதும் ஆகும், பதினொன்றும் ஆகும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவளிடம் போய் தவறாத நேரம் கேட்டால் என்ன சொல்வது? அப்போதுதான் டீக்காரர் நினைவுக்கு வந்தார். காலை பதினோரு மணி டீ தவறியதே இல்லை. கரண்ட் போனாலும் வரும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து நின்றாலும் வரும். முதலாளி வீட்டுக் கல்யாணத்தன்றுகூட வந்தது.

"பதினோரு மணி டீங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழம?"

"அன்னைக்கு நானே போட்டுக் குடிச்சுக்குவேனுங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் கையேட்டில் பதினொன்று என்று எழுதினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

எல்லாம் ஓர் அக்கியில் ஆரம்பித்தது. முதுகில் பாதிப் பெல்ட் கட்டியது மாதிரி கொப்புளம். கம்பெனியில் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், தேனிப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். "அக்கிக்கு ஊசி மருந்தெல்லாம் கேக்காதுக்கா, எழுதணும்" என்று சொல்லி ஒரு மண்பானைக்காரரிடம் கூட்டிப்போனாள். அவர் காவி குழைத்து என் முதுகில் இரண்டு சிங்கம் வரைந்துவிட்டார். சிங்கம் காய்ந்து உதிர்ந்தும் எரிச்சல் போகவில்லை. கடைசியில் மருத்துவமனைக்குப் போனேன். மிச்சமிருந்த ஒரு சிங்கத்தின் வாலைப் பார்த்த டாக்டரம்மா, "யாரு வரஞ்சது? நல்லாத்தான் வரஞ்சிருக்காரு" என்றார். அப்புறம் எடை குறைந்திருக்கிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா என்று விசாரித்துவிட்டு, என் சம்மதம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வந்த அன்று ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு, என்னை உட்காரவைத்து, நேராகச் சொன்னார்: "உங்க ரத்தத்துல எச்.ஐ.வி. கிருமி இருக்குதுங்க." மேற்கொண்டு அவர் பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை நான் எதையும் அயர்ன் பண்ணவே இல்லை.

யார் மூலம் வந்தது என்ற கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. ஆறு வருடம் முன்பு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை நன்றாகவே கேட்டேன். உயிரோடு இருந்தபோதும் அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அழுது முடித்துப் பார்த்தால் விடிந்து மணி ஏழரை. எட்டரைக்குக் கம்பெனி. கிளம்பிவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று. முதல் வாரம் கொஞ்சம் குமட்டல், விசித்திரமான கனவுகள். ஒரு கனவில் எங்கள் சூப்பர்வைசர் என் முதுகுச் சிங்கத்தின் மேல் ஏறி ஷிப்மெண்டுக்குப் போனார். "ஒழுங்காப் போட்டீங்கன்னா கிருமி ரத்தத்துல தெரியாத அளவுக்கு அடங்கிரும். சக்கரக்காரங்க, பிரசர்காரங்க மாதிரி உங்க பாட்டுக்கு இருக்கலாம்" என்றார் ஆலோசகர் அம்மா. அதை நம்பினேன். உடம்பும் நம்பியது. இரண்டாம் மாதம் ரவிக்கை பிடிக்க ஆரம்பித்தது.

நான் பயந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான்.

நாங்கள் ஆறு பேர். வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வட்டமாக உட்காருவோம். ஆறு டப்பாவும் நடுவில் இருக்கும். யார் டப்பாவில் யார் கை என்று கணக்கே கிடையாது. என் புளிக்குழம்பு எனக்கே மிஞ்சாது. சோற்றாலோ தொடுவதாலோ ஒரே டம்ளராலோ இது பரவாது என்று ஆலோசகர் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வட்டத்துக்கு யார் சொல்வது? முன்பொரு முறை செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி "அவளுக்கு அதாமா" என்று ஒரு பேச்சு கிளம்பியது. பத்தே நாள், அவள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்த டம்ளர்களில் அவளுடையது மட்டும் தனியாகப் போனது, அவ்வளவுதான். அன்று என் டம்ளரை நானும்தான் இந்தப் பக்கம் நகர்த்திவைத்தேன். அது மறக்கவில்லை. ஆகவே வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மாத்திரை டப்பா பையில் குலுங்கிச் சத்தம் போட்டது. அதனால், டப்பாவிலேயே இருக்கட்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தும், சனிக்கிழமை வரைக்குமான ஆறை எடுத்து, சட்டைக்கு உபரிப் பட்டன் போட்டு வரும் குட்டி ஜிப் கவரில் வைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒன்றை மட்டும் மறந்துபோனேன். பத்து வருடமாக எங்கள் தையல் மிஷின் லைனுக்கு மருந்துக் கடை என் பைதான். தலைவலி, வயிற்றுவலி, விரலில் ஊசி ஏறியது, எதுவானாலும் என்னைக் கேட்காமலே என் பையைத் திறப்பார்கள்.

ஊசி என்றதும் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் ஊசிப் பெட்டி என் பொறுப்பு. மிஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தால்தான் புது ஊசி கொடுப்பேன். துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். உடைத்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நெல்முனை அளவு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். நாளைக்கு எங்கோ ஒரு குழந்தை போடுகிற பனியனில் அது இருந்தால்? அதனால் ஊசி காணோம் என்றால் எங்கள் ஆட்களுக்கு வீடு தீப்பிடித்தது மாதிரி.

அது புதன்கிழமை. டீ வந்தது. கவரைத் திறந்தேன். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று போக நாலு இருக்க வேண்டும். மூன்று இருந்தது.

ஒன்றை டீயோடு போட்டுக்கொண்டேன். மனம் அடங்கவில்லை. பத்து வருட ஊசிப் புத்தி. துண்டு கிடைக்காமல் எப்படி விடுவது? கீழே விழுந்து யாராவது எடுத்து, இது என்ன மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டுவிட்டால்? மண்டி போட்டு மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

செய்திருக்கக் கூடாத காரியம். ஊசிப் பெட்டிக்காரி தரையில் தவழ்ந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"ஏனுங்க்கா, ஊசிங்களா?" என்று கத்திக்கொண்டே சூப்பர்வைசர் ஓடிவந்தார். "லைன ஆஃப் பண்ணுங்கப்பா! எந்த மிஷினுங்க்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிஷின்கள் நின்றன. ஒருத்தர் நீளக் கம்பில் கட்டிய காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீகார்க்காரப் பையன்கள் இருவர் "சூயி? சூயி?" என்று இந்தியில் ஊசியைக் கேட்டபடி தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். கட்டுக் கட்டாகப் பீஸ்களைப் பிரித்து உதற ஆரம்பித்தார்கள். காந்தத்தில் பழைய குண்டூசி ஒன்றும் யாருடைய கொலுசுத் திருகோ ஒன்றும் வந்தன. கொலுசுக்காரி கைதட்டினாள்.

இனியும் சும்மா இருந்தால் கட்டு முழுவதையும் திரும்ப ஊசி கண்டுபிடிக்கிற டிடெக்டரில் விடச் சொல்லிவிடுவார்கள். எழுந்து நின்றேன்.

"ஊசி இல்லீங்க. மாத்திரைங்க. என்ற மாத்திரை ஒண்ணு காணோம்."

சூப்பர்வைசர் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டார். "ஏனுங்க்கா, ஒரு மாத்திரைக்கு லைனையே நிறுத்திப்போட்டீங்களே! சொல்லியிருந்தா நானே ஒரு அட்டை வாங்கித் தந்திருப்பனுங்களே!"

லைன் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஓவர்லாக் மிஷினிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யக்கா, அது நாந்தேன். நேத்து சாயந்தரம் தல விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு. ஒங்க பையில அந்தப் பட்டன் கவர்ல இருந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன். நல்ல மாத்திரக்கா! டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வலி போயிருச்சு. எந்தக் கடையில வாங்குனீக?"

மாடிப்படிக்கு ஓடினேன். ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். "பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்களே, பொதுவா ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா அவங்களுக்குக் கிட்னியில ஏதாச்சும் தொந்தரவு இருக்குதா, வேற மருந்து எதாச்சும் சாப்பிடறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சுன்னா உடனே வரச் சொல்லுங்க. உங்க விசயத்தச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டமுங்க."

என் இஷ்டம்தான். ஆனால் தலைவலி மாத்திரை போட்டவளிடம் உன் கிட்னி எப்படி இருக்கிறது என்று எப்படிக் கேட்பது? ஒரு பொய் சொன்னால் அதற்குக் கைகால் வைக்க இன்னும் நாலு பொய் வேண்டும். அதுவும் அவள் உடம்பு விஷயத்தில். டீ டம்ளரைக் கழுவ வந்தவளை வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கி, பரிசோதனை, படத்தில் இருக்கிற மனுஷன், மாத்திரை, எல்லாம். மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "ஏங்கண்ணு, உனக்குக் கிட்னி கிட்னியில ஏதாச்சும் கோளாறு இருக்குதா? வேற மாத்திர சாப்பிடறியா?"

"இல்லக்கா" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப எனக்குத் தலவலி எப்பிடிக்கா போச்சு?"

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் அவள் வட்டத்துக்கு வரவில்லை. மிஷினிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்ற நாலு பேரும் என் புளிக்குழம்பை வழக்கம்போல் வழித்துக்கொண்டிருந்தார்கள். சாயந்தரத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். தண்ணீர்ப் பானையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் டம்ளர் மற்ற டம்ளர்களோடுதான் இருந்தது. அன்றைக்கு இரண்டு ஊசி உடைந்தது. இரண்டுக்கும் புது ஊசி கொடுத்துவிட்டு நோட்டில் ஒட்ட மறந்து, அப்புறம் துண்டுகளைத் தேடி ஒட்டினேன். வேறு வேலை தேடுவதென்றால் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்காரர் முன்பு கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அங்கே மடிப்பு வேலை. தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் வட்டம் கூடியது. எனக்கும் பக்கத்துக்காரிக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லாத இடத்தில் அவள் நுழைந்து உட்கார்ந்தாள். என் டப்பா மூடியை அவளே திறந்தாள். கத்தரிக்காய்ப் பொரியல். பெரிய கையாக அள்ளி வாயில் போட்டாள்.

"உப்பு இல்லக்கா" என்றாள்.

"நேத்து எங்க போனே?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

"நேத்து கோவம்" என்றாள் பொதுவாக. அப்புறம் என் காதருகே குனிந்து, "ரெண்டு மாசமா எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கீக. முதுகுல சிங்கம் வரையக் கூட்டிட்டுப் போனவ நானு. அப்பறமென்ன ஒளிவு மறைவு?" என்றாள்.

உப்பில்லாத பொரியலைச் சாப்பிடக் குனிந்துகொண்டேன். உப்பு வேறு வழியில் வந்துகொண்டிருந்தது.

மாதக் கடைசியில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள். மிச்சமிருக்கும் மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணிப் பார்ப்பார்கள். "நானும் வாரேன்" என்றாள். எதற்கு என்றேன். "என்னக்கா இப்பிடிக் கேக்குறீக? ஒடச்சவதான கையெழுத்துப் போடணும்? ஒங்க சட்டந்தேன?"

இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். ஆலோசகர் அம்மா எண்ணினார். போனில் பேசியது நினைவிருந்தாலும், முறைக்கு, "ஒண்ணு கொறையுதுங்களே" என்றார். என் சிநேகிதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தேங்க முழுங்கினேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

ஆலோசகர் அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இங்க அதெல்லாம் வேண்டாமுங்க. உடம்பு நல்லா இருக்குதுங்களா? இனி மாத்திரை டப்பாவுலயே இருக்கட்டும். அடுத்தவங்க மாத்திரைய எடுத்துப் போடாதீங்க, அது போதும்." என் எடையைப் பார்த்தார்கள். இரண்டு கிலோ கூடியிருந்தது. "கம்பெனிச் சோத்து வட்டமுங்க" என்றேன். புது டப்பா வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

எதிரில் டீக்கடை. மணி பார்க்க நான் போனை எடுப்பதற்குள் அவள் இரண்டு டீ சொல்லிவிட்டாள். "பதினொண்ணு ஆச்சு, போடுங்கக்கா." போட்டுக்கொண்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே நெற்றியைத் தடவினாள்.

"தல லேசா வலிக்குதுக்கா" என்று என் பையைப் பார்த்தாள்.

பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.